நோகாமல் பழுதாகும் சிறுநீரகம்: நம் வீடுகள் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் எடுத்த குருதிப் பரிசோதனையில் அம்மாவின் கிரியேற்றினின் 1.2. சில மாதங்கள் கழித்து அவர் இலண்டனில் இருக்கும் மகளிடம் வருகிறார். இங்கே எடுத்த பரிசோதனையில் அதே கிரியேற்றினின் 106. மகள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திகைத்துப்போகிறாள். உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான். முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், இரண்டாவது லீற்றருக்கு மைக்ரோமோல். முன்னதை 88.4ஆல் பெருக்கினால் பின்னது வரும். குளுக்கோசுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: இங்கே 7 என்று எழுதுவதை 18ஆல் பெருக்கினால் ஊரில் சொல்லும் 126 வரும்.

கணக்குப் புரிந்து பயம் தெளிந்ததும் தாளை மடித்து லாச்சியில் வைத்துவிடுகிறோம். அங்கேதான் அடுத்த பிழை. கிரியேற்றினின் என்பது தசைகளிலிருந்து நாளாந்தம் குருதிக்கு வந்து சேரும் ஒரு கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அதிகமாகவும், மெலிந்தவருக்குக் குறைவாகவும் உண்டாகும். ஆகவே 106 என்ற ஒரே எண் இரண்டு உடல்களில் இரண்டு கதை சொல்லும். முப்பது வயது ஆணுக்கு அந்த எண் வந்தால் அவருடைய சிறுநீரக வடிகட்டல் வீதம் 80க்கு மேல் இருக்கும். எழுபது வயதுத் தாய்க்கு அதே எண் வந்தால் வீதம் 50க்குக் கீழே போயிருக்கும். அதனால்தான் இப்போது அறிக்கைகளில் கிரியேற்றினினுக்குக் கீழே, வயதையும் பாலையும் சேர்த்துக் கணித்த வடிகட்டல் வீதம் தனியாக அச்சிடப்படுகிறது. பார்க்கவேண்டிய எண் அதுதான். (உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய்த் தசை வளர்க்கும் நம் பையன்களுக்கும், பரிசோதனைக்கு முதல் நாள் இரவு ஆட்டிறைச்சிக் கறியை ஒரு பிடி பிடித்தவர்களுக்கும் கிரியேற்றினின் சற்று ஏறித் தெரியலாம். அதற்காக உடனே பதறவேண்டாம், இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம்.)

தாதியர் படிப்பும் துணை மருத்துவப் படிப்பும் படிக்கும் நம் பிள்ளைகளையும், பெற்றோருக்காக வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளராக நிற்கும் பிள்ளைகளையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். பதினான்கு வயதில் ஒரு பிள்ளை அப்பாவின் நோயை அப்பாவுக்கே மொழிபெயர்த்துச் சொல்லவேண்டி வருவது சரியல்ல. பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளரைக் கேட்டால் கட்டணமின்றி ஒழுங்குசெய்வார்கள். மற்ற நாடுகளில் இருப்போரும் சந்திப்புக்கு முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். ஆனாலும் பிள்ளைகள்தான் போய் நிற்கிறார்கள் என்பதால் இரண்டு சொற்களை இங்கேயே திருத்திக்கொள்வோம். ‘குரோனிக்’ என்றால் கடுமையானது அல்ல, நாட்பட்டது. சிறுநீரக நோயில் ‘மூன்றாம் நிலை’ என்பது புற்றுநோயின் மூன்றாம் நிலையைப் போன்றதல்ல. வடிகட்டல் வீதம் 30க்கும் 59க்கும் இடையில் மூன்று மாதங்களுக்கு மேலாக நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயலிசிஸ் இயந்திரத்தைக் காணாமலே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுவார்கள்.

முற்றத்தில் இறக்கி மீண்டும் அடுக்கும் வேலை

நாரி நோகிறது என்றால் “கிட்னியாய்த்தான் இருக்கும்” என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. நாரி நோ பெரும்பாலும் தசையிலிருந்தோ முள்ளந்தண்டிலிருந்தோ வருவது. சிறுநீரகத்தில் கல் அடைத்தால் துடிக்கத் துடிக்க நோகும், கிருமித் தொற்று வந்தால் காய்ச்சலோடு நோகும். ஆனால் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தை அரிக்கும்போது ஒரு சிறு நோவும் இருக்காது. சிறுநீரும் வழமைபோலப் போகும். அதனால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

ஏன் தெரிவதில்லை என்பதற்கு விடை அந்த உறுப்பின் அமைப்பில் இருக்கிறது. முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளின் அருகில், பொத்திய கையளவில் இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராத இந்த இரண்டுக்கும், இதயம் வெளியே தள்ளும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள். ஊரில் உயிரியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ‘நெப்ரோன்’ என்றால் தெரியும். ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தலையிலும் மயிர்த்துளைக் குழாய்களாலான ஒரு சிறு பந்து, அதற்குப் பின்னால் நீண்டு வளைந்த ஒரு குழாய்.

அந்தப் பந்துகளில் ஒரு நாளில் வடிகட்டப்படும் நீர் சுமார் 180 லீற்றர். நம் உடலில் உள்ள குருதித் திரவவிழையம் மூன்று லீற்றர்தான் என்பதால், அதே திரவம் நாளொன்றுக்கு அறுபது தடவை வடிகட்டிக்குள் போய் வருகிறது. வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லீற்றர் அளவுதான். மீதி முழுவதையும் குழாய்கள் திரும்ப உறிஞ்சி எடுக்கின்றன. பொங்கலுக்கு முன் வீட்டுச் சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே அடுக்கி, மிச்சத்தை எறிவதைப் போன்ற வேலை. இப்படிச் செய்வது வீண் உழைப்பாகத் தோன்றலாம். ஆனால் இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எது குப்பை என்று சிறுநீரகம் ஒவ்வொன்றையும் அடையாளம் காணவேண்டியதில்லை. எது தேவை என்று மட்டும் தெரிந்தால் போதும். இதற்கு முன் உடல் கண்டிராத பொருளாக இருந்தாலும், யாரும் திரும்ப எடுத்து வைக்காவிட்டால் அது தானாகவே வெளியே போய்விடும்.

கழிவு அகற்றுவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. குருதியமுக்கத்தை ஒழுங்காக்குவதும், பொற்றாசியத்தையும் அமிலத்தையும் அளவோடு வைத்திருப்பதும், என்புகளுக்குத் தேவையான விற்றமின் டியைச் செயல்படும் நிலைக்கு மாற்றுவதும் அதன் பொறுப்பு. என்பு மச்சையில் செங்குருதிக் கலங்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொயற்றின் என்ற ஓமோனைச் சுரப்பதும் அதுதான். ஆகவே சிறுநீரகம் தளர்ந்தவர் ‘படி ஏற முடியவில்லை, இளைக்கிறது’ என்று சொன்னால் அது சோம்பல் அல்ல, குருதிச்சோகையாக இருக்கலாம்.

இழந்த சிறுநீரகத்திகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் எஞ்சியவை இறந்தவற்றின் சுமையையும் தூக்கிக்கொள்கின்றன. ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தவர் சாதாரணமாக வாழ்வது இதனால்தான். நோய் இருப்பவர் ஒன்றும் உணராமல் இருப்பதும் இதனால்தான். பசியின்மை, ஓங்காளம், சொறி, கால் வீக்கம் என்று உடல் முறையிடத் தொடங்கும்போது பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

நீரிழிவு என்ற சொல்லிலேயே இருக்கும் உடற்றொழிலியல்

நம் முன்னோர் இந்த நோய்க்கு வைத்த பெயரில் சர்க்கரையே இல்லை. நீரிழிவு என்றார்கள், சலரோகம் என்றார்கள். இரண்டிலும் தண்ணீர்தான் இருக்கிறது. அது சரியான கவனிப்பு. வடிகட்டிய குளுக்கோசு முழுவதையும் குழாய்கள் வழக்கமாகத் திரும்ப எடுத்துவிடும். குருதியில் குளுக்கோசு சுமார் 10க்கு மேலே, ஊர்க் கணக்கில் 180க்கு மேலே போனால் அவற்றால் சமாளிக்க முடியாது. மிஞ்சிய குளுக்கோசு குழாயிலேயே தங்கித் தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதனால்தான் தீராத தாகம்.

ஆண்டுகள் போகப்போக அந்தச் சிறு பந்துகளின் சுவர் கெட்டு, வெளியே வரக்கூடாத அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். வடிகட்டல் வீதம் குறைவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இந்தக் கசிவு வருவதுண்டு. ஆகவே நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பரிசோதனைகள் வேண்டும். குருதியில் வடிகட்டல் வீதம், சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம். இந்த விகிதம் 3க்கு மேல் (வேறு அலகில் 30க்கு மேல்) தொடர்ந்து வந்தால் அது முதல் எச்சரிக்கை. குருதிப் பரிசோதனைக்குத் தவறாமல் போகும் நம் பெரியவர்கள், சிறுநீர்க் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சப்பட்டுத் தட்டிக்கழிக்கிறார்கள். இரண்டில் முந்திப் பேசுவது அந்தக் குப்பிதான்.

தெற்காசியரான நமக்கு நீரிழிவு இளவயதிலும் குறைந்த உடல் எடையிலுமே வருகிறது. பிரித்தானியாவில் மற்றவர்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி 25இலிருந்து கூடிய எடை என்று கணக்கிட்டாலும், நமக்கு 23இலிருந்தே கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு வாசல்கள்

மருந்துகளைப் புரிந்துகொள்ள அந்தப் பந்துக்கு ஒரு உள்வாசலும் ஒரு வெளிவாசலும் இருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும். உள்வரும் நுண்ணாடி ஒன்று, வெளிச்செல்லும் நுண்ணாடி ஒன்று. பந்துக்குள் இருக்கும் அமுக்கம் இந்த இரண்டும் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நீரிழிவில் அந்த அமுக்கம் கூடிப்போய்ச் சுவரைக் கெடுக்கிறது.

‘பிரில்’ என்று முடியும் குளிசைகளும் (ராமிப்பிரில், லிசினோபிரில்) ‘சார்ட்டன்’ என்று முடிபவையும் (லொசார்ட்டன், கண்டசார்ட்டன்) வெளிவாசலைத் திறந்துவிடுகின்றன. உள்ளே அமுக்கம் இறங்கும், புரதக் கசிவு குறையும். அமுக்கம் இறங்கியதால் வடிகட்டலும் சற்றுக் குறைந்து, தொடங்கிய சில கிழமைகளில் கிரியேற்றினின் கொஞ்சம் ஏறித் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ‘இந்தக் குளிசைதான் கிட்னியைப் பழுதாக்குது’ என்று தாமாகவே நிறுத்தியவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். 30 வீதத்துக்கு உட்பட்ட ஏற்றத்தை வைத்தியர்கள் எதிர்பார்த்தே கொடுக்கிறார்கள். அதற்கு மேல் ஏறினாலோ பொற்றாசியம் கூடினாலோ அவர்களே மாற்றுவார்கள். அதற்காகத்தான் குளிசை தொடங்கிய பின் மீண்டும் குருதி எடுக்க வரச்சொல்கிறார்கள்.

மூட்டு நோவுக்கு நாம் கடையில் வாங்கிப் போடும் இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்றவை உள்வாசலை ஒடுக்குகின்றன. ஏற்கெனவே வெளிவாசலைத் திறக்கும் குளிசையும், சிறுநீர் கூடப் போகச்செய்யும் குளிசையும் எடுப்பவர் இதையும் சேர்த்துப் போட்டால் பந்துக்குள் அமுக்கமே இல்லாமல் போகலாம். வயிற்றோட்டம், வாந்தி வந்து உடலில் நீர் வற்றிய நாளில் இந்தச் சேர்க்கை ஒரே கிழமையில் சிறுநீரகத்தை முடக்கிவிடக்கூடியது. அப்படிப்பட்ட நாட்களில் எந்தக் குளிசையைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டும் என்று சுகமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்திருப்பது நல்லது. நோவுக்கு, சொன்ன அளவைத் தாண்டாத பரசிற்றமோல் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது.

புதிய குளிசைகளில் ‘புளோசின்’ என்று முடிபவை (டாப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின்) வேறு வழியில் வேலை செய்பவை. குழாய்கள் குளுக்கோசைத் திரும்ப எடுப்பதையே அவை தடுக்கின்றன. சர்க்கரை சிறுநீரோடு போகிறது, பந்துக்குள் அமுக்கமும் இறங்குகிறது. இதன் மூலப்பொருளான புளோரிசின் 1835இல் அப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளருக்கும் இப்போது இவற்றைக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை: இந்தக் குளிசை எடுத்துக்கொண்டு கந்தசட்டி போன்ற நீண்ட உபவாசம் இருந்தால், குருதிச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே உடலில் கீற்றோன் அமிலம் ஏறி ஆபத்தாகலாம். விரதத்துக்கு முன் வைத்தியரிடம் சொல்லவேண்டும். அவருக்கு விரதம் என்றால் என்னவென்று விளக்கவேண்டியும் வரலாம்.

இயற்கை மருந்து என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்சில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்ரொலோக்கியா இனச் செடியிலுள்ள அமிலம். நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனம்தான். ஊரிலிருந்து வரும் சூரணப் பொதிகளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிறுநீரக நோயாளருக்குக் கொடுக்காதீர்கள். பாதரசமும் ஈயமும் சேர்ந்த பற்பம், செந்தூரங்களும் அவர்களுக்கு ஆகாது.

இயந்திரத்தோடு வாழ்வது

வடிகட்டல் வீதம் 15க்குக் கீழே வந்தபின் டயலிசிஸ் பற்றிய பேச்சு வரும். இதன் அடிப்படை பாடசாலையில் படித்த பரவல்தான். ஒரு மென்சவ்வின் இந்தப் பக்கம் குருதி, மறுபக்கம் யூரியாவே இல்லாத கரைசல். செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கழிவு தானாகப் போகும்.

வில்லெம் கொல்ப் என்ற ஒல்லாந்து வைத்தியர் ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த கம்பன் நகரில் 1943இல் இதை மனிதருக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். சொசேச் உறைக்குப் பயன்படும் செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி அவர் செய்த இயந்திரம் அது. தொடக்கத்தில் நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் கண்விழித்தார். அவர் ஆக்கிரமிப்பாளருக்குத் துணைபோனவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். ஊரார் வெறுத்த ஒருவர்தான் இந்த இயந்திரத்தால் உயிர் மீண்ட முதல் ஆள்.

ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குருதிக் குழாயை வெட்டவேண்டியிருந்ததால், நெடுங்காலம் இது சில நாள் சிகிச்சையாகவே இருந்தது. 1960இல் சியாற்றிலில் ஸ்கிரிப்னர் நிரந்தரக் குழாய் ஒன்றைக் கையில் பொருத்தினார். 1966இல் நியூயோர்க் வைத்தியர்கள் நாடியையும் நாளத்தையும் கைக்குள்ளேயே இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் அதுவே சிறந்த வழி. நாடியின் வேகம் நாளத்தில் பாய்வதால் நாளம் தடித்து ஊசியைத் தாங்கும். இதற்குக் குறைந்தது ஆறு கிழமையாவது பிடிக்கும் என்பதால் கடைசி நேரம்வரை சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் கையில் குருதியமுக்கம் பார்க்கவோ குருதி எடுக்கவோ விடக்கூடாது. இறுக்கமான காப்பு வேண்டாம், அந்தக் கையில் தலை வைத்துப் படுக்கவும் வேண்டாம். தொட்டால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரியவேண்டும். ஒரு காலையில் அது இல்லையென்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம். கூட்டினால் 12. ஒரு கிழமையில் இருப்பதோ 168 மணித்தியாலங்கள். சிறுநீரகம் ஓயாமல் செய்யும் வேலையை இயந்திரம் 12இல் செய்யப் பார்க்கிறது. மீதியை உணவுக் கட்டுப்பாடுதான் தாங்கவேண்டும். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளியிலிருந்து திங்கள்வரை நீண்ட இடைவெளி. புலத்தில் நம் கலியாணமும் சாமத்திய வீடும் பிறந்தநாளும் எல்லாம் சனி ஞாயிறில்தான் வருகின்றன. இதயம் நிற்கும் ஆபத்து அதிகமான நாட்களில்தான் நாம் அவர் முன்னால் வாழைப்பழமும் பலாப்பழமும் கருவாட்டுக் குழம்பும் வைக்கிறோம். பொற்றாசியம் ஏறினால் அறிகுறி எதுவும் காட்டாமலே இதயத் துடிப்பு குழம்பலாம். இளநீர், உருளைக்கிழங்கு, மரவள்ளி, முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் பொற்றாசியம் உண்டு. கிழங்கைத் தோல் நீக்கிச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒரு பகுதி குறையும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டுத்தான் சேர்த்திருக்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். தமரத்தங்காய் இன்னும் மோசம். அதிலுள்ள நச்சைச் சிறுநீரகம் இல்லாத உடல் வெளியேற்ற முடியாது. தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம்வரை போயிருக்கிறது.

தண்ணீரைக் குறையுங்கள் என்று அவரை ஏசுவதிலும் பயனில்லை. மிக்சரும் ஊறுகாயும் அப்பளமும் மேசையில் இருக்கும்வரை தாகம் அடங்காது. முதலில் உப்பைக் குறைக்கவேண்டும், அதுவும் முழு வீட்டுக்கும். அதேநேரம், தொடக்க நிலையில் இருப்பவர் இவற்றைப் படித்துவிட்டுப் பழமும் கீரையும் நிறுத்தவேண்டியதில்லை. பொற்றாசியக் கட்டுப்பாடு பரிசோதனை பார்த்துச் சொல்லப்படுவது.

வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. குடலைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வையே வடிகட்டியாக்கி, வயிற்றுக்குள் சுமார் இரண்டு லீற்றர் கரைசலை விட்டு, சில மணித்தியாலம் கழித்து வடித்துவிடுவார்கள். இரவில் தூங்கும்போது இயந்திரமே செய்யும்படியும் வைக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது உதவும். சுத்தம் மட்டும் தவறக்கூடாது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தக்கூடியவர்களுக்கு அதைவிடச் சிறந்த சிகிச்சை இல்லை. 1954 டிசம்பர் 23 அன்று பொஸ்ரனில் ஒருவரின் சிறுநீரகம் அவருடைய ஒத்த இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தப்பட்டது. இருவரும் ஒத்த இரட்டையர் என்பதால் உடல் அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து ஆயுள்முழுவதும் வேண்டும். ஊருக்குப் பறக்கும்போது நேர வித்தியாசத்தில் அந்த மருந்து ஒரு வேளையும் தவறக்கூடாது. சில மருந்துகளின் அளவைக் கிரேப்புறூட் ஏற்றிவிடும். அதன் இனத்தைச் சேர்ந்த ஜம்போலாவையும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

குருதி வகையும் இழைய வகையும் பொருந்தவேண்டும் என்பதால், நம்மவர்க்கு நம்மவரிடமிருந்தோ நம்மை ஒத்த இனத்தவரிடமிருந்தோ கிடைப்பதே பொருந்தும் வாய்ப்பு அதிகம். ஆனால் தானப் பட்டியலில் நம் பெயர்கள் குறைவு. இறந்தபின் தானம் செய்வதற்கான சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சில் 1976 முதலும் இங்கிலாந்தில் 2020 மே முதலும், மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தவர் சம்மதித்தவராகக் கருதப்படுகிறார். ஜேர்மனியில் தெளிவான சம்மதம் வேண்டும். சட்டம் எதுவானாலும் அந்த நேரத்தில் வைத்தியர் வந்து கேட்பது குடும்பத்திடம்தான். நினைவிழந்து கிடப்பவரின் விருப்பம் என்ன என்று அவசரசிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று அண்ணன் தம்பி ஆளுக்கொன்று சொல்லும்படி விடாமல், சாப்பாட்டு மேசையில் ஒருநாள் கேட்டு வைத்துவிடலாம்.

அப்படிப் பேசும்போது பேரப்பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: புதியது வைத்தால் பழைய இரண்டையும் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அவை முதுகுப் பக்கத்தில் அப்படியே இருக்கும். புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்குக் கீழே கை வைத்தால் தட்டுப்படும் இடத்தில் வைப்பார்கள். சில வேளை குருதி ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, சத்திரசிகிச்சை மேசையில் வைத்தே, அதிலிருந்து சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும்.